புல் முடிந்த நெல்லி

"அம்மா, மடத்துக் காட்டுக்குக் கதவு போட்டுப் பூட்டணும்," என்றார் குற்றாலிங்கம். "குடிசைக்காரிகள் நெல்லியைப் பிஞ்சுலயே உருவுதாளுவ. கொப்பையும் ஒடிச்சுப் போட்டுருதாளுவ. ரெண்டு வருசத்துல மலை மொட்டைதான்."

மடத்தில் சேருமுன் அவர் முப்பது வருடம் போலீஸ் ஏட்டு. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, சந்தேகத்திலிருந்து கிடைக்கவில்லை. குரு வெள்ளையம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதிலும் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

"ஏன் பிஞ்சுல பறிக்காங்க?" என்று கேட்டார் அம்மை.

"பேராசைதான்."

"சரி, பூட்டு வாங்கிருவோம். அது வாரவரைக்கும் உங்களுக்கு மடத்துச் சோறு கிடையாது, ஏட்டையா. நெல்லி பறிச்சு வித்துச் சாப்பிடுங்க."

முதல் நாள் முழுக்க அலைந்தும் அரைக்கூடை தேறவில்லை. மறுநாள் ஒருவேளைக் கஞ்சி. மூன்றாம் நாள் பசியில் காது அடைத்தது.

அன்றைக்குத்தான் ஓடைக்கு மேலே அந்த மரத்தைக் கண்டார். கொப்பெல்லாம் காய். முற்றுவதற்கு இன்னும் பத்து நாளாவது ஆகும்.

மரத்தடியில் செவந்தி நின்றாள். சரிவுக் குடிசைக்காரி. அண்ணாந்து பார்த்தாள். ஒரு காயைத் தொட்டாள், பறிக்கவில்லை. புல்லைத் திரித்து அடிமரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு வெறுங்கூடையோடு போனாள்.

புதருக்குப் பின்னால் இருந்த ஏட்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடையாளம் வைக்கிறாள். நாளைக்குக் கூட்டத்தோடு வருவாள். இந்த மாதிரி எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார்.

பொழுது சாய்வதற்குள் மரத்தை உருவிவிட்டார். எட்டாத கொப்புகளை ஒடித்துப் போட்டார். முடிச்சையும் அறுத்து எறிந்தார்.

கூடையைச் சுமந்து மடம் வந்து சேர இருட்டி வெகுநேரமாகிவிட்டது. இறக்கியதும் அம்மை ஒரு காயைக் கடித்துப் பார்த்தார். முகம் கோணியது.

"பிஞ்சால்லா இருக்கு?"

"நான் விட்டா அவ உருவிருவா, அம்மா."

சொன்ன பிறகுதான் வாசலில் செவந்தி நிற்பதைப் பார்த்தார். அவள் கையில் அறுந்த புல் முடிச்சு.

"சாமி," என்றாள் அம்மையிடம். "ஒருத்தரை ஒருத்தர் முந்திப் பறிச்சுப் பறிச்சு எங்களுக்கு அரை வயித்துக்கும் காணலை, மரமும் சாவுது. போன வாரந்தான் ஆறு வீடும் கூடிப் பேசுனோம். புல்லு முடிஞ்ச மரத்தை முத்துற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு. எனக்கு விட்ட மரத்தை யாரோ உருவிட்டாங்க. அஞ்சு வீட்டுலயும் ஏறிக் கேட்டுட்டேன், யாருமே இல்லைங்காங்க. இப்ப ஒருத்தரை ஒருத்தர் நம்பலை. விடிஞ்சா எல்லாருமே முடிச்சை அவுத்துருவாங்க."

ஏட்டு கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளப் பார்த்தார். அது நிறைந்து கனத்துப்போய் நகர மறுத்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அம்மை உள்ளே போய்ப் புதுப் பூட்டைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"நீங்க கேட்ட பூட்டு. கதவுக்கு எந்தப் பக்கம் நின்னு பூட்டப் போறீங்க, ஏட்டையா?"