ஆள்காட்டி வாய்மூடிய மதியம்

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போலவே பேசித் திரிந்தபோது, காட்டுக் குளத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. நகமும் பல்லும் உள்ளவர் யார் கரைக்கு வந்தாலும் ஆள்காட்டிக் குருவி கத்திச் சொல்ல வேண்டும். வருவது ராஜாவான புலியே என்றாலும் கத்த வேண்டும். பட்டம் கட்டிக்கொண்ட அன்று புலியும் எல்லார் முன்னாலும் இதற்குத் தலையாட்டியது. ஆள்காட்டி கத்தவில்லையா, பயமில்லை என்று மான்கள் குட்டிகளோடு தண்ணீரில் இறங்கும்.

ஒரு கோடை மதியம், நாணல் ஓரத்துக் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டைகளோடு உட்கார்ந்திருந்த ஆள்காட்டியின் மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் புலி. ஆள்காட்டி பதறி எழுந்து கத்த வாயைத் திறப்பதற்குள் முட்டைகளுக்கு மேலே புலியின் பாதம் வந்து நின்றது.

“சும்மா இரு,” என்றது புலி, மெதுவாக. “மான் கூட்டத்துல ஒரு துரோகி இருக்கான். அவனை மட்டும் பிடிக்கணும். காட்டோட நன்மைக்குத்தான்.”

“ராஜா, சட்டம்...”

“சட்டம் மத்தவங்களுக்கு. எனக்கு இன்னிக்கு ஒருநாள் மட்டும் விட்டுக்கொடு. யாருக்குத் தெரியப்போகுது?”

பாதம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஓட்டில் நகம் உரசும் சத்தம் கேட்டது. பெற்ற வயிறு என்ன செய்யும்? ஒருநாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஆள்காட்டி வாயை மூடிக்கொண்டது. பாவி, ஒரே ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா!

பாதத்தை எடுக்காமலே புலி நாணலுக்குள் படுத்துக்கொண்டது. மான்கள் வந்தன. முன்னால் ஒரு குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. ஆள்காட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

துரோகியையெல்லாம் புலி தேடவில்லை. எட்டியதையெல்லாம் அடித்தது. குளத்துத் தண்ணீர் சிவந்துபோனது.

மறுநாள் கரை வெறிச்சோடிக் கிடந்தது. நாக்கு வறண்ட மான்கள் புதருக்குள்ளேயே நின்றன. ஆள்காட்டி ஓடிப்போய், “யாரும் இல்ல, வாங்க! சத்தியமா இல்ல!” என்று கெஞ்சியது.

குட்டியைப் பறிகொடுத்த தாய்மான் கேட்டது: “நேத்தும் நீ சும்மாதானே இருந்தே?”

ஆள்காட்டியின் முட்டைகள் பத்திரமாகத்தான் இருந்தன. அதை நினைக்கவே அதற்குக் கூசியது. அதற்கப்புறம் புலி, நரி, மாடு, மனிதன் என்று பாராமல், ஏதாவது அசைந்தாலே கத்தித் தீர்க்கிறது.

கத்தி என்ன செய்ய? அன்று முதல்தான் மான், ஆள்காட்டி கத்தினாலும் சரி, கத்தாவிட்டாலும் சரி, ஒரு மிடறு குடித்ததும் தலையைத் தூக்கி, காதை விடைத்து, நாலு பக்கமும் நடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மிடறுக்குக் குனிகிறது.