திரும்ப வேண்டிய பெட்டி

தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்து, வெளியே எடுத்துத் தருபவர் ஜெசிந்தா. அவரிடம் தொழில் பழக வந்தவன் மாசானம். அவனைவிட அவர் நாலைந்து வயதுதான் மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவான்.

மாசானத்தின் வீட்டில் கல்லூரி வரை போனது அவன் ஒருவன்தான். மகனுக்குத் துறைமுகத்தில் வேலை என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். அவன் கவனமாகத்தான் வேலை செய்தான். தெரியாது என்று சொல்வதற்கு மட்டும் வாய் வராது.

மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலை வைத்திருந்த கிறிஸ்துதாஸுக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கன்டெய்னர் பெட்டி நிறைய முந்திரிக்கொட்டை வந்தது. துறைமுகத்தில் இலவசமாக நிற்கும் நாட்கள் முடிவதற்குள் மாசானம் அதை வெளியே எடுத்து அனுப்பிவிட்டான். அவன் தனியாக முடித்த முதல் வேலை அது.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் கிறிஸ்துதாஸ் கூப்பிட்டார். அந்தப் பக்கம் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர்.

"தம்பி, ஷெட்டு நிறைஞ்சு கிடக்கு. மழையும் இருட்டிட்டு வருது. அண்டி கொஞ்ச நாளு பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டா? வாடகை ஏதும் வருமா?"

"துறைமுகத்தை விட்டு வந்தாச்சுல்லா சார். இனி ஒண்ணும் ஓடாது. வச்சுக்கோங்க."

கிறிஸ்துதாஸ் கிரேன் வைத்துப் பெட்டியை ஆலை முற்றத்தில் இறக்கிக்கொண்டார்.

சில நாள் கழித்து, பெட்டிக்குச் சொந்தமான கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பெண் மாசானத்திடம் போனில் பேசினாள்.

"முந்திரி வந்த பெட்டி காலியாகி எப்ப சார் திரும்ப வரும்? பெட்டியைத் திருப்பாம வச்சிருக்கதுக்கு டிடென்ஷன் வாடகை ஓட ஆரம்பிச்சிட்டு. நாள் போகப் போக ரேட்டும் ஏறும், பார்த்துக்கோங்க."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தான்.

அதன் பிறகு யார் போன் அடித்தாலும் கை கழுவ எழுந்து போனான். கிறிஸ்துதாஸின் பெயர் தெரிந்தால் போனைக் கவிழ்த்து வைத்தான். மழை பெய்தால், அந்தப் பெட்டியின் கூரைமேல் பெய்வதுபோலக் கேட்டது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பான். மறுநாள் சொல்ல வேண்டியது இன்னும் பெரிதாகியிருக்கும். சோறு இறங்கவில்லை.

"ஆபீஸ்ல வேலை ரொம்பவோ?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா."

ஒரு காலையில் ஜெசிந்தாவின் மேசை முன்னால் போய் நின்றான்.

"அக்கா, சும்மா ஒரு சந்தேகம்."

"கேளு."

"டெமரேஜுக்கும் டிடென்ஷனுக்கும் என்ன வித்தியாசம்?"

ஜெசிந்தா அவன் முகத்தைப் பார்த்தார்.

"சூசை கடையில போய் டீ வாங்கிட்டு வா."

எதிரே இருந்த கடைக்குப் போய், சூசையின் பிளாஸ்க்கில் டீ வாங்கி வந்தான். ஜெசிந்தா அதை மேசையில் வைத்தார். ஊற்றவில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசானம் நின்றுகொண்டே இருந்தான்.

வெகுநேரம் கழித்து ஜன்னலுக்கு வெளியே சூசையின் குரல் கேட்டது.

"ஏ மாசானம்! பிளாஸ்க் என்னாச்சுடே? மத்த ஆபீஸுக்கு டீ போவ வேண்டாமா?"

"இன்னும் குடிக்கலண்ணே."

"குடி, குடிக்காமப் போ, தலையில ஊத்திக் குளி. உன் டீ, உன் இஷ்டம். என் பிளாஸ்க்கைக் கொண்டாடே!"

ஜெசிந்தா நிமிர்ந்தார்.

"வாங்கின டீயை எடுத்துட்டு வராம அவன் கடை மேசையிலேயே விட்டிருந்தா, இடத்தை அடைக்கிறேன்னு திட்டியிருப்பான். துறைமுகத்துல அது டெமரேஜ். இப்ப பிளாஸ்க்கைத் திருப்பிக் கேட்டுத் திட்டுறான்லா, இது டிடென்ஷன்."

மாசானம் சிரிக்கவில்லை.

"ரெண்டுல எது அக்கா மோசம்?"

"இந்தக் கேள்வியை எவ்வளவு நாளா உள்ளேயே வச்சிருக்க?"

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கிறிஸ்துதாஸ் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், கப்பல் கம்பெனியின் போனையும், அதற்குப் பிறகு வந்த எல்லா நாட்களையும் சொன்னான்.

ஜெசிந்தா கோபப்படவில்லை. அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. அவர் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஜன்னல் வழியாகப் பிளாஸ்க்கைச் சூசையிடம் கொடுத்தார். பிறகு போனை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"கிறிஸ்துதாஸ்கிட்ட பேசு."

"நீங்க பேசுங்கக்கா."

"வச்சுக்கோங்கன்னு சொன்னது நானா?"

"அவர் சத்தம் போடுவாரு."

"போடுவாரு. போட்டு முடிச்சிட்டு, பக்கத்து ஆலையில அண்டியைக் கொட்ட இடம் கேப்பாரு. அவருக்குத் தெரிஞ்சாத்தானே கேப்பாரு?"

"இதுவரைக்கும் ஓடினது?"

"அதை நாம மூணு பேரும் உட்கார்ந்து பேசிக்கலாம். நாளைக்குப் பேசினா அது வேற கணக்கு."

"என்னை வேலையை விட்டு அனுப்பிருவீங்களா?"

"காலிப் பெட்டி திரும்பினப்புறம் அதைக் கேளு."

மாசானம் எண்ணைத் தேடி எடுத்தான். விரல் அதன்மேல் நின்றது. அழுத்த வரவில்லை. வெளியே தூறல் விழத் தொடங்கியது.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க. ரொம்பப் பயமா இருக்கு. கொஞ்சம் குறையட்டும், நானே பேசிடுறேன்."

ஜெசிந்தா டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"பயம் உன்னோடது மாசானம். எத்தனை நாள் வேணும்னாலும் வச்சுக்கோ. செய்தி அவரோடது. அதை இறக்கு."