பட்டத்தைப் பிழையாகச் சொன்ன சருகுமான்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், யானைகள் மண்ணை மிதித்து மிதித்துக் கட்டிய ஏரி இருந்தது, குழந்தைகளே. கோடையிலும் அது வற்றியதில்லை. கரைக்குக் கீழே பள்ளத்தில் நாணலும் புல்லும் மண்டிக் கிடந்தன. சிறு விலங்குகள் எல்லாம் அங்கேதான் குட்டி போட்டு வளர்த்தன.

அந்த ஏரிக்குக் காவலாகச் சிங்கராஜா ஒரு கரடியை நியமித்திருந்தார். கரடி நல்ல உழைப்பாளி. தினமும் கரை நெடுக நடந்து, நண்டு தோண்டிய வளைகளை மிதித்து மூடும். "கரடியண்ணே, இங்கே மண் சரியுது!" என்று யார் கூப்பிட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்கும்.

ஒருநாள் அங்கே நரி வந்தது. வாய் இனிக்கப் பேசி வயிறு வளர்ப்பது அதன் பிழைப்பு.

"என்ன அநியாயம் இது! எலியும் முயலும் உங்களை அண்ணே என்கின்றன. பதவியில் இருப்பவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டது கரடி.

நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "மாண்புமிகு ஏரிக் காவல் அதிபதி, நீர்வளப் பெருந்தலைவர், கரடியார் அவர்களே!"

கரடி அதைத் தனக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தது. நாக்கில் தேன் தடவியது போல் இருந்தது. இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தது.

மறுநாள் முதல் கரடி மேட்டுப் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் நரி நின்றது. யார் வந்தாலும் பட்டத்தை முழுதாகச் சொன்ன பிறகே பேச வேண்டும். ஒரு சொல் விட்டுப்போனாலும் பத்தடி பின்னால் போய், திரும்ப வந்து, வணங்கித் தொடங்க வேண்டும். வணக்கம் வாங்கவே பொழுது சரியாக இருந்தது. கரை நெடுக நடக்கக் கரடிக்கு நேரமில்லை.

பள்ளத்தில் ஒரு சருகுமான் வசித்தது. முயல் அளவே இருக்கும் மான் அது. மிகவும் பயந்த சுபாவம். பெரியவர்கள் முன்னால் போய் நின்றால் அதற்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எட்டு நாளுக்கு முன்புதான் ஒரு குட்டி ஈன்றிருந்தது.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலையில், கரையின் அடியிலிருந்து கலங்கல் நீர் கசிவதைச் சருகுமான் கண்டது. துளை எலி நுழையும் அளவுதான். கனத்த உடம்புக்காரர் ஒருவர் வந்து மண்ணை அள்ளிப்போட்டு மிதித்தால் அடைபட்டுவிடும்.

"அசையாமல் படுத்திரு கண்ணு. இதோ வந்துவிடுகிறேன்" என்று குட்டியை நாணலுக்குள் விட்டுவிட்டு, சேற்றில் விழுந்தடித்து மேட்டுக்கு ஓடியது.

"ஐயா, கரையில்..." என்று மூச்சிரைக்கத் தொடங்கியது.

"ஐயாவா? பட்டம் எங்கே?" என்றது நரி.

சருகுமான் பத்தடி பின்னால் போய் வந்தது. "மாண்பு... மாண்புமிகு ஏரித் தலைவர்..."

"ஏரிக் காவல் அதிபதி" என்று திருத்தியது கரடி. "நிதானமாகச் சொல். பதற்றம் எதற்கு?"

மறுபடியும் போய் வந்தது. "மாண்புமிகு ஏரிக் காவல் அதிபதி, நீர்... நீர்வளத் தலைவர்..."

"பெருந்தலைவர்!" என்று அதட்டியது நரி. "பெருந்தலைவருக்கும் தலைவருக்கும் வித்தியாசம் தெரியாதா? போ பின்னால்!"

சருகுமான் பின்னால் போனது. அப்போது கீழே இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

கரை உடைந்துவிட்டது.

நரி ஒரே தாவில் காட்டுக்குள் மறைந்தது. கரடி உருண்டு புரண்டு ஓடி, உடைப்பில் தன் முதுகைக் கொடுத்துப் பார்த்தது. வெள்ளம் அதைப் புரட்டி எறிந்தது. முயல்களும் முள்ளம்பன்றிகளும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேடேறித் தப்பின. சருகுமானின் குட்டியைக் கவ்வ மட்டும் அங்கே யாருமில்லை. அசையாமல் இரு என்று தாய் சொல்லியிருந்ததால், அது கடைசிவரை அசையவே இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சிங்கராஜா விசாரணைக்கு வந்தார். விலங்குகள் எல்லாம் கூடி நின்றன.

"நடந்ததைச் சொல்" என்றார் சருகுமானிடம்.

சருகுமான் முன்னால் வந்தது. கரடியின் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கியது. பிறகு மெல்லிய குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது:

"மாண்புமிகு ஏரிக் காவல் அதிபதி, நீர்வளப் பெருந்தலைவர், கரடியார் அவர்கள்மேல் குற்றம் எதுவும் இல்லை, அரசே. எனக்குத்தான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் என் குட்டி பிழைத்திருக்கும்."

கரடி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டது.

"அரசே," என்றது கரடி. "அது எதையும் பிழையாகச் சொல்லவில்லை. வந்ததும் 'கரையில்' என்றது. அதன் காலெல்லாம் சேறு. எதற்காக வந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தும், பட்டத்தை முழுதாகக் கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்."

சருகுமான் தலையைத் தூக்கிக் கரடியைப் பார்த்தது. அப்போதுதான் அதற்கும் விஷயம் விளங்கியது. திரும்பி நடந்தது.

"என்னைக் காட்டைவிட்டே துரத்திவிடுங்கள் அரசே" என்று கெஞ்சியது கரடி.

"போய்விட்டால் உனக்குச் சுலபம்" என்றார் சிங்கராஜா. "இங்கேயே இரு. கரையைக் கட்டு."

கரடி ஒற்றை ஆளாய் மண் சுமந்து கரையைக் கட்டி முடித்தது. தினமும் காலையில் சருகுமான் தண்ணீர் குடிக்க வரும். அது குடித்துவிட்டுப் போகும்வரை, கரடி மண்ணைப் பார்த்தபடியே நிற்கும்.

நீதி: எப்படி அழைத்தார்கள் என்று பார்ப்பவனுக்கு, எதற்கு அழைத்தார்கள் என்பது காதில் விழுந்தாலும் கால் எழாது.