நாற்பது டம்

காராம்பட்டணத்து ராஜா வீரபூபனுக்குக் காது ரொம்பக் கூர்மை. மூளையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அவர் அரண்மனைப் பண்டகசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. எது உள்ளே போனாலும் வாசலில் முரசு ஒரு தடவை ஒலிக்கும். டம். வெளியே வந்தாலும் டம். மூட்டை போனாலும் ஒரு டம்தான், ஒற்றைத் தேங்காய் போனாலும் ஒரு டம்தான். முரசடிப்பவன் பண்டத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, கண்ணேறு பட்டுவிடுமாம். அதனால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாசற்படியில் காலடி கேட்டால் அடிப்பான். ராஜா மாடியில் கட்டிலில் சாய்ந்தபடி விரல் விட்டு எண்ணுவார். போன டம்மும் வந்த டம்மும் சரியாக இருந்தால், “ஆகா, என் ராஜ்யத்தில் ஒரு குண்டூசி களவு போகாது” என்று புரண்டு படுப்பார். என்ன சொல்ல, ராஜாவாயிற்றே.

இந்த லட்சணத்தில் ராஜகுமாரிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ஊருக்கே விருந்து. சமையற்காரர் சோமையா விடிய விடிய லட்டு பிடித்தார். கூடைக்கு நூறு வீதம் கட்டி, நாற்பது கூடையைக் காலையில் பண்டகசாலைக்கு அனுப்பினார். நாற்பது டம் கேட்டது. ராஜாவுக்குத் திருப்தி.

மத்தியானம் இலை போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். “லட்டு வரட்டும்” என்றார் ராஜா. மறுபடி நாற்பது டம் கேட்டது. வந்தது என்ன தெரியுமா? டம்முக்கு ஒன்றாக வாசற்படி தாண்டி வந்து ஒரு தாம்பாளத்தில் சேர்ந்த நாற்பது லட்டு. கூடை ஒன்றுகூட இல்லை.

சம்பந்தியம்மாள் தன் இலையைப் பார்த்தாள், பிறகு ராஜாவைப் பார்த்தாள். ராஜாவுக்கு மானம் போயிற்று.

“சோமையா, மூட்டை மூட்டையாக மாவும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு நாற்பது லட்டா பிடித்தாய்?”

“நாற்பது கூடை கொடுத்தேன் மகாராஜா. ஒரு கூடைக்கு நூறு.”

பண்டகசாலை அதிகாரி ஆதிமூலம் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “பொய் மகாராஜா. நாற்பது டம் உள்ளே போனது, நாற்பது டம் வெளியே வந்தது. தாங்களே கேட்டீர்களே.”

ராஜா தன் காதைத் தானே சந்தேகிப்பாரா? “சோமையா, பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விடு. திரும்பி வந்தால் தலை இருக்காது” என்று சொல்லிவிட்டார்.

சோமையா அடுப்படி தவிர வேறு உலகம் தெரியாத மனுஷன். எங்கே போவார், பாவம்?

சபையில் இருளப்பன் என்று ஒரு விகடன். வாய் சும்மா இருக்காத ஆசாமி. அன்று மட்டும் மூச்சு விடாமல் கடைவீதிப் பக்கம் நழுவினான். அங்கே ஆதிமூலத்தின் மச்சினன் மிட்டாய்க்கடை இருக்கிறது. நேற்றுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடை. இன்று பார்த்தால் லட்டு கூடை கூடையாக அடுக்கியிருக்கிறது, விலையும் பாதி. இருளப்பன் ஐந்து கூடை வாங்கினான். கூலிக்காரர்கள் தலையில் ஏற்றி அரண்மனை வாசலில் நிறுத்தி, பண்டகசாலை முரசடிப்பவனையும் அங்கே உட்கார வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல உள்ளே வந்தான்.

“மகாராஜா, தண்டனை மட்டும் கொடுத்தால் போதுமா? கணக்கைச் சரியாக வைத்த அதிகாரியாருக்கு மரியாதை செய்ய வேண்டாமா?”

“அதுவும் சரிதான். என்ன செய்யலாம்?”

“தங்கள் பரிசாக லட்டு கொடுப்போம். சபை நடுவிலேயே சாப்பிடட்டும். ராஜா கொடுத்ததை மிச்சம் வைத்தால் ராஜ துரோகம், அதை மட்டும் சொல்லிவிடுவோம்.”

ஆதிமூலத்துக்கு வாயெல்லாம் பல். இருளப்பன் அவர் பக்கம் திரும்பினான்.

“அதிகாரியாரே, ஒரு டம் என்றால் ஒரு லட்டு. அப்படித்தானே?”

“அதிலென்ன சந்தேகம்? ஒரு டம், ஒரு லட்டு.”

“எத்தனை டம் சாப்பிடுவீர்கள்?”

ஆதிமூலம் தொப்பையைத் தடவினார். “ஐந்து.”

இருளப்பன் கையைத் தட்டினான். டம். முதல் கூடை உள்ளே வந்தது. டம். இரண்டாவது வந்தது. ஐந்தாவது டம் அடங்கியபோது சபை நடுவில் ஐந்து கூடை நின்றது. ஆதிமூலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கூடைகளை அவருக்குத் தெரியாதா என்ன?

“சாப்பிடுங்கள் ஐயா, ஐந்தே லட்டுதான்” என்று இருளப்பன் உபசரித்தான்.

தின்றார். வேறு வழி? முதல் நாலைந்து சுகமாக இறங்கியது. பத்தில் வியர்த்தது. பதினைந்தைத் தாண்டியதும் கண் பிதுங்கிற்று. ராஜா குனிந்து கூடையைப் பார்த்தார்.

“என்ன ஆதிமூலம், முதல் டம்மே இன்னும் தீரவில்லையே?”

“மகாராஜா, இது எப்படி ஒன்றாகும்? இது கூடை மகாராஜா, ஒரு கூடைக்கு நூறு இருக்கிறது” என்று அலறினார் ஆதிமூலம்.

“இதைத்தானே ஐயா சோமையா மத்தியானத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்” என்றான் இருளப்பன். “இந்த ஐந்தும் உங்கள் மச்சினன் கடையில் வாங்கியது. மிச்சமும் டம் கேட்காத பின்வாசல் வழியாகப் போய் அங்கேதான் இருக்கிறது.”

ராஜாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள் மடியில் விழுந்தது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டாள். கடையிலிருந்த கூடைகளை அள்ளிவரச் சொல்லி ஊருக்கெல்லாம் லட்டு போட்டார்கள். சோமையா கையில் பொற்காப்பு ஏறிற்று. இருளப்பனுக்குப் பட்டுச் சால்வை.

“இந்த ஆதிமூலத்தை என்ன செய்யலாம் இருளப்பா?”

“என்ன செய்வது மகாராஜா, பரிசை மிச்சம் வைக்கக் கூடாதே. உட்கார்ந்து தின்று முடிக்கட்டும்.”

ஆதிமூலம் தடாலென்று ராஜா காலில் விழுந்தார்.

“மகாராஜா, தயவுசெய்து என்னை நாடு கடத்திவிடுங்கள்.”