இரண்டாம் முறை சிக்கிய குருவி

வேதரத்தினம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடியக்கரைக் காட்டில், வலசை வரும் குருவிகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய அவற்றின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டக் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்த தில்லைநாயகிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் அவர் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

பங்குனி மாதம். குருவிகள் வடக்கே கிளம்பும் முன் மும்முரமாக இரை தேடும் காலம். அன்று விடிந்ததும், விரித்திருந்த வலையில் ஒரு கதிர்க்குருவி சிக்கியது. வேதரத்தினம் முதன்முதலாகத் தன் கையாலேயே வளையம் மாட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு பறக்கவிட்டார். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் மாதிரி, அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மணி நேரம் கழித்து ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் துணிப்பை.

"டீச்சர்! நம்ம குருவி திரும்ப வந்துடுச்சு!"

"அதே வளையமா?"

"அதே நம்பர். என்னையத் தேடி வந்திருக்கு பாருங்க."

அதே காலையில் மறுபடி சிக்கிய குருவி களைத்திருக்கும்; அதை வலையடியிலேயே விட்டுவிட வேண்டும், பையில் போடக் கூடாது. இது அவருக்கும் தெரியும். சந்தோஷத்தில் மறந்துபோயிற்று.

தில்லைநாயகி பையைத் திறந்தாள். குருவி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. கண் பாதி மூடியிருந்தது.

"செத்துடுமா டீச்சர்?"

அவள் அவரை நிழலில் உட்காரவைத்து, உள்ளங்கையை விரித்து, குருவியை அதில் வைத்தாள்.

"மூடாதீங்க. அசையாதீங்க."

கை அசையாமலிருக்க அவர் முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டார். வெகு நேரம் அப்படியே இருந்தார். குருவி கண்ணைத் திறந்தது. அவரைப் பார்த்தது. உள்ளங்கையில் எச்சமிட்டுவிட்டுப் பறந்தது.

வேதரத்தினம் அழுதுவிட்டார். கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"முப்பது வருஷம் தபால் கொடுத்தேன் டீச்சர். என் சைக்கிள் மணி கேட்டா தெருவே வாசலுக்கு வரும். இதுக்கு நான் யாருன்னாவது தெரியுமா?"

"தெரியுமே. இன்னிக்கு ரெண்டு தடவை ஒரு பருந்துகிட்ட மாட்டியிருக்கு."

"நானா பருந்து?"

"அதுக்கு நீங்க பருந்துதான் ஐயா."

"அப்ப நான் வச்ச பிரியம்?"

தில்லைநாயகி தன் துப்பட்டா நுனியால் அவர் கையைத் துடைத்துவிட்டாள்.

"அதனாலதான் ஐயா ரெண்டு தடவையும் தப்பிச்சுது."