தொடுறதுக்கு முந்தியே எரிஞ்ச காது

இந்த முருங்கைக்கீரையை நான் உருவி முடிக்கிறதுக்குள்ள நீ கண்ணசரணும் நிவி. மடியில படு. டியூஷனுக்கு இன்னும் நேரம் கிடக்கு. கதை சொல்றேன், "ம்" கொட்டணும், என்ன?

ஒரு ஊர்ல ஒரு காது இருந்துச்சாம். சின்னக் காது. உன் வயசுப் பொண்ணோட காது.

"ம்."

அந்தப் பொண்ணு மண்டைக்குள்ள ஒரு காவக்காரன் உக்காந்திருந்தான். மூளைன்னு பேரு. யாராச்சும் தொட வந்தா, கை வந்து சேர்றதுக்கு முந்தியே, 'வருது வருது, தயாரா இரு'ன்னு காதுக்குச் சேதி அனுப்பிருவான். அம்மா முத்தம் குடுக்கக் குனிஞ்சாலே போதும், உதடு படுறதுக்கு முன்னால காது குறுகுறுங்கும்.

"எனக்கும் கூசும்மா."

ஆமா. அப்புறம் அந்த ஊருக்கு ஒரு டியூஷன் வாத்தியார் வந்தான். வந்தான்னுதான் சொல்லுவேன், அவனுக்கென்ன மரியாதை! வாய்ப்பாடு தப்பினா காதைப் பிடிச்சு நகத்தால சுருக்! மொத நாள் கிள்ளின பெறகு எரிஞ்சுது. மறுநாள் கையைத் தூக்கினதுமே எரிஞ்சுது. மூணாம் நாள், வாசல்ல செருப்பு சரட் சரட்னதுமே திகுதிகுன்னு எரிஞ்சுது.

"தொடவே இல்லையேம்மா?"

தொடல. காவக்காரன் பழகிட்டான். அப்போ ஒருநாள் அம்மா ஜிமிக்கி மாட்டக் கையை நீட்டினா. பொண்ணு டக்னு தோளைத் தூக்கிக் காதை மூடிக்கிட்டா. பெத்தவ கைக்கு! அம்மா அந்தக் காதுக்கிட்ட குனிஞ்சு கேட்டா, 'அடேய் காவக்காரா, என் கைகூடவா தெரியல?' அவன் சொன்னான், 'எந்தக் கை வந்தாலும் கிள்ளத்தான்னு என்னைப் பழக்கியிருக்காங்க. நான் என்ன செய்ய?'

"ம்..."

வீட்டுப் பெரியவங்க, 'சார் நல்லதுக்குத்தான் கிள்ளுறாரு'ன்னாங்க. எந்த நல்லது? நகம் பதிஞ்சு கன்னிப்போயிருக்கே, அதுலயா இருக்கு நல்லது? அந்த அம்மா வெளியாள் வந்தா கதவுக்குப் பின்னால நிக்கிறவ. நின்னது போதும்னு...

சரட். சரட்.

"ஏய் சரளா! சார் வந்துட்டாரு, பிள்ளைய அனுப்பு!"

உன் பாட்டிதான் கூப்பிடுறாங்க. தோளைத் தூக்காத கண்ணு. பாரு, இது அம்மா கை. சும்மா வச்சிருக்கேன், அவ்வளவுதான். இறக்கு. ம், அப்படித்தான்.

"பிள்ள வரமாட்டா அத்தை! நான் வர்றேன்!"

நீ தூங்கு. காது ஆறட்டும், கண்ணு மூடட்டும், மிச்சக் கதையை நான் வாசலுக்கே போயி அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா சொல்லி முடிச்சுட்டு வர்றேன்.