பேச்சியம்மாள் ஏன் பஸ் ஏறினாள்

"டீச்சர், ஏன் நம்ப மாட்டேங்கிறாங்க?"

தவமணி நின்றுகொண்டே கேட்டார். உட்காரத் தோன்றவில்லை.

"யாரு?"

"எல்லாரும்தான். எங்கக்கா உட்பட."

டீச்சர் எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பெயர் ஹெலன் சுகந்தி. மதுரை கே.கே. நகரில் இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அவருடையது. யாருக்கும் எதையும் நேராகச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவரிடம் வந்தவர்கள் எப்படியோ கற்றுக்கொண்டு போனார்கள். அதனால் டீச்சர்.

தவமணி அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்த மனிதர், நாற்பதைத் தாண்டிய பிறகு, "எனக்கும் இதைச் சொல்லிக் குடுங்க" என்று வந்து நின்றார். குருவுக்கு மிஞ்சின வயசுல ஒரு சிஷ்யன் என்று அலுவலகத்தில் கேலி பேசினார்கள். வேலையைப் பார்த்த பிறகு கேலி அடங்கியது.

இப்போது அந்த வேலைதான் அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவு அதில் உண்டு. படுக்கைகள் கொஞ்சம், ஆட்கள் ஏராளம். அடுத்த வாரத்துக்கான முறையை வெள்ளிக்கிழமை காலையில் அவரவர் போனிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் அதற்கான கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. போனில் பட்டனை அமுக்கினால் திரையில் ஒரு சக்கரம் சுற்றும். உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றும். சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றும். அதைத் திட்டாத வாய் கிடையாது.

தவமணி எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றினார். மாடிப்படிக்கு அடியில் இனி ஒன்றும் வேண்டாம், எங்கோ இருக்கும் பெரிய கூடங்களில் ஆயிரம் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் என்றார். பதிவுப் பக்கத்தையும் துடைத்து வைத்தார். வெள்ளைப் பின்னணி, மேலே கிழமை, நடுவே ஒரே ஒரு பட்டன். அமுக்கினால், விரலை எடுப்பதற்குள் 'பதிவாகிவிட்டது'.

ஆஸ்பத்திரி நிர்வாகி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதல் வெள்ளிக்கிழமையே வம்பு வந்தது. அத்தனை சீக்கிரம் ஆகியிருக்குமா என்று எல்லோரும் இரண்டாவது தடவை அமுக்கினார்கள். இரண்டாவது தடவை அமுக்கினால் ரத்து என்று தவமணி அமைத்து வைத்திருந்தார். ஒரே பட்டன், இரண்டு வேலை, என்ன அழகு என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்ட இடம் அது. கைக்கு எட்டிய முறை பலருக்கு வாய்க்கு எட்டாமல் போயிற்று.

பதறிப்போய்த் திருத்தினார். இப்போது எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. பதிவானது பதிவானதுதான்.

அதற்குப் பிறகு ஜனங்கள் நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். கால் வீங்கிய நிலையில், மூச்சு வாங்க, பஸ் ஏறி வந்து கவுன்டரில் கேட்டார்கள்.

"பதிவாயிருச்சா?"

"ஆயிருச்சு, போங்க."

போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் பேச்சியம்மாள், தவமணியின் அக்கா. உசிலம்பட்டியிலிருந்து வருவாள். முறை இல்லாத நாளில் அலையக் கூடாது, இதயம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போன வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே மயங்கிச் சரிந்தாள். பக்கத்து சீட்டுக்காரர் பாவம், தண்ணீர் பாட்டிலை வாயில் வைக்கப் போனார். தண்ணீரையும் அளந்து குடிக்க வேண்டியவள் அவள்.

"நானே போன்ல சொன்னேன் டீச்சர். அக்கா, அந்தப் பக்கத்தைச் செஞ்சதே நான்தான், ஆயிருச்சுன்னு வந்தா ஆயிருச்சுன்னு அர்த்தம்னு. சரிப்பான்னா. சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"மனசு கேக்கலைங்கிறா. எங்கடா இருக்கு அந்த மிஷினுன்னு கேட்டா. கிளவுடுன்னா மேகம்னு சொல்லித் தொலைச்சேன். மேகத்தை நம்பி விதைச்சவன் எவன்டா நம்மூர்ல பொழைச்சான்னு திருப்பிக் கேக்குறா."

டீச்சர் சிரித்துவிட்டார். தவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. தான் செய்த ஒரு பக்கம் தன் அக்காவைக் கொன்றுவிடுமோ என்ற பயம்.

"என்ன செய்யப் போறீங்க?"

"பதிவானது பளிச்சுன்னு கண்ணுல படுற மாதிரி செய்யறேன்."

"செய்ங்க" என்றார் டீச்சர்.

*

தவமணி எழுத்தைப் பெரிதாக்கினார். பச்சை நிறத்தில் ஒரு டிக் அடையாளம் வைத்தார். அதுவும் போதாது என்று தோன்றியது. பழகிய கை சும்மா இருக்குமா? 'பதிவாகிவிட்டது' என்று வந்ததும் திரையின் மேலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்து விழும்படி செய்தார். கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அக்காவின் போன் வந்தது.

"தம்பி, அமுக்குனதும் பூவா விழுகுதே. யாருக்குடா?"

வழியெல்லாம் பூ உதிர்த்துக்கொண்டு போனால் அது யாருடைய ஊர்வலம் என்று உசிலம்பட்டிப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அக்கா, அது வந்து..."

"நான் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிர்றேன்."

அன்றைக்குக் கவுன்டரில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம்.

*

"பூவை எடுத்தாச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"அப்பவே எடுத்துட்டேன்."

"இப்ப என்ன?"

தவமணி தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பழைய சக்கரத்தையே திரும்ப வச்சிரலாம்னு பாக்குறேன். அது சுத்தும்போது எல்லாரும் திட்டுனாங்க. ஆனா வீட்டுல உக்காந்து திட்டுனாங்க. யாரும் பஸ் ஏறலை."

"சக்கரம் சுத்தும்போது உள்ளே என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. அதுக்கு முன்னாடியே பதிவாயிரும். சும்மா ஒரு ஆறுதலுக்குச் சுத்தும்."

"அக்கா அதைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"ஆமா."

"உள்ளே ஒண்ணும் நடக்காது."

தவமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"வேகமாப் போனா நம்ப மாட்டேங்கிறாங்க. மெதுவாப் போனா நான் பொய் சொன்னவன் ஆகிடறேன். நான் என்னதான் டீச்சர் செய்யறது?"

டீச்சர் மேசை மேலிருந்த கடலை மிட்டாயில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தானும் ஒன்றைக் கடித்தார். அதோடு பேச்சு முடிந்தது என்று தெரிந்தது.

வெளியே வந்த தவமணி மிட்டாயை உருட்டி உருட்டிப் பார்த்தார். இதில் ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. வெறும் மிட்டாய்தான் என்று தின்றுவிட்டார்.

*

வியாழக்கிழமை ஆயிற்று.

விடிந்தால் வெள்ளி. அக்கா பட்டனை அமுக்குவாள். 'பதிவாகிவிட்டது' என்று வரும். அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு செருப்பை மாட்டுவாள்.

மதியம் வரை தவமணியால் ஒரு வேலையும் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பக்கத்தைத் திருத்தத் தெரியாதவன் அக்காவையாவது பிடித்து நிறுத்தலாம். ஒரு மாதம் உசிலம்பட்டியிலேயே கிடப்பது. வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் குறுக்கே படுத்தாவது தடுப்பது.

மற்றவர்களுக்கு வாசலில் படுக்கத் தம்பி இருக்கிறானா என்ற எண்ணமும் கூடவே வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்து டீச்சர் அறைக்குப் போனார்.

டீச்சர் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"டீச்சர், எங்கக்கா கூட இருக்கணும். ஒரு மாசம் லீவு..."

"சரி."

வாக்கியம் முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. டீச்சரின் கண் திரையில் இருந்தது, விரல்கள் நிற்கவில்லை.

தவமணி நின்றார்.

"லீவு, டீச்சர். ஒரு மாசம்."

"சரி."

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"இல்ல, நாளையிலேருந்தே வேணும். அதான்..."

"சரி அண்ணே."

தவமணி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

டீச்சர் காதில் வாங்கினாரா? ஒரு மாதம் என்றது விழுந்ததா, ஒரு நாள் என்று நினைத்துக்கொண்டாரா? கோபமோ? இந்த ஆளால் ஆகாது, தொலைந்து போகட்டும் என்றுதான் அத்தனை சீக்கிரம் சரி சொன்னாரோ?

லீவுக் கணக்கைப் பார்ப்பவர் மேனேஜர் சிக்கந்தர். அவர் அறை கீழ்த்தளத்தில். தவமணி அவருக்குப் போன் போட்டார்.

"சிக்கந்தர், என் லீவு விஷயமா டீச்சர் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்லிட்டாங்கண்ணே. ஏத்தியாச்சு."

"ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு."

"ஒரு மாசம்தானே?"

"ஒரு மாசம்தான்ணே. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

போனை வைத்தார். மனது கேட்கவில்லை. அவரும் எத்தனை பேர் லீவைத்தான் ஞாபகம் வைத்திருப்பார் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார்.

பாதிப் படியில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க அண்ணே கிளம்பிட்டீங்க?"

"கீழே சிக்கந்தர் ரூமுக்கு. லீவு ஏறியிருக்கான்னு ஒரு எட்டு நேர்ல பாத்துட்டு..."

அக்கா சொன்ன அதே வார்த்தை என்று தவமணிக்கு அப்போதுதான் உறைத்தது.

டீச்சர் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் விட்டார். தவமணியும் உட்கார்ந்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு மாசம் லீவு கேட்டீங்க."

"ஆமா டீச்சர்."

"நாளையிலேருந்து."

"ஆமா."

"அக்காவுக்கு இப்ப மயக்கம் எப்படியிருக்கு?"

"பரவால்ல. நடந்தாத்தான் வருது."

"சமையல் யாரு?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு உப்பில்லாமச் செஞ்சு குடுக்குது. அதைத்தான் திட்டிக்கிட்டே திங்குறா."

"அடுத்த முறை என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை கேப்பா. அந்தக் கிழமைதான் அவளுக்குத் தோது."

"கூட யாரு வர்றா?"

"நான்தான் டீச்சர். இந்தத் தடவை நான்தான் கூட்டிட்டு வருவேன்."

டீச்சர் தலையை ஆட்டினார். அவசரமில்லாமல் ஆட்டினார்.

"சரி அண்ணே. போயிட்டு வாங்க."

முன்பு சொன்ன அதே சரிதான், இப்போது நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தது. தவமணிக்குத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. கீழ்த்தளத்து அறையின் கதவு திறந்துதான் இருந்தது. அங்கே போகவும் தோன்றவில்லை.

அவருக்குப் பஸ் ஏறி வந்த அத்தனை பேரின் முகமும் ஒருசேர ஞாபகம் வந்தது.

"லீவு இப்ப வேண்டாம் டீச்சர்" என்றார்.

மேலே ஓடினார். அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்தார். பட்டனை அமுக்கியதும் வர வேண்டிய முதல் வரியைத் தட்டினார்:

'பேச்சியம்மாள், செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கிறீர்கள். உங்களோடு யார் வருகிறார்கள்?'